லத்தீப் மொகிதினின் பகோ-பகோ ஓவியங்கள்

நவீன ஓவியம் என்றதும், "இது என்ன படம்?" என்று கேட்பதே நம்மவர் வழக்கம். அக்கேள்விக்கு எளிதில் விடை தராத ஓவியத் தொடர் ஒன்றை ஆக்கியவர் நம் நெகிரி செம்பிலான் மண்ணிலேயே பிறந்தவர். 1941ஆம் ஆண்டில் லெங்கெங்கில் பிறந்த லத்தீப் மொகிதின் மலாய் மொழியின் சிறந்த கவிஞருமாவார்.

பெர்லினில் சுவர் எழுந்த 1961ஆம் ஆண்டிலேயே அவர் அந்நகர் சென்று நுண்கலை பயின்றார். ஜெர்மனியில் 1905 முதற்கொண்டே ஓவியர் சிலர், கண்டதைக் கண்டவாறு வரைவதை விடுத்து, உணர்ச்சிக்கேற்ப வடிவை முறுக்கியும் வண்ணத்தை மாற்றியும் தீட்டலாயினர். 1937இல் இட்லர் ஆட்சி அவர்தம் படைப்புக்களை மியூனிக்கில் இழிகலையெனக் காட்டிப் பழித்தது. போருக்குப் பின் அம்மரபு இழந்த மதிப்பை மீண்டும் பெற்றது. அக்காலத்து மாணாக்கர் நம் ஓவியர்.

'பகோ-பகோ' அங்கேதான் கருக்கொண்டது. பகோடா என்னும் பௌத்தக் கோயிற்பெயரை ஒட்டி அவரே ஆக்கிக்கொண்ட சொல் அது. 1964இல் திரும்பியபின் தாய்லாந்து, கம்போடியா முதலிய நாடுகளில் சுற்றி, 1969 வரை அத்தொடரை வளர்த்தார்.

இவ்வோவியங்களில் ஒரு வடிவம் அடுக்கடுக்காக எழுந்து கூர்நுனியில் முடியும். தமிழ்க் கண்ணுக்கு அது உடனே கோபுரம். எனக்கும் அவ்வாறே தோன்றியது; வகுப்பில் சொல்லியும் விட்டேன். "ரெபோங் மாதிரி இருக்கு, சார்" என்றாள் பின்வரிசைச் சிறுமி ஒருத்தி. மூங்கிற்குருத்து! மறுபடி நோக்கினேன். கோபுரத்தின் நிலைகள் இருபுறமும் ஒத்து, அளவாகக் குறுகும். இங்கோ அடுக்குகள் புடைத்து, ஒன்றையொன்று பொதிந்து நிற்கின்றன. பக்கத்தில் இலைக்கூர்கள் பிதுங்குகின்றன. கட்டியதா, முளைத்ததா என்னும் ஐயமே அவ்வடிவின் உயிர். கோபுரமெனப் பெயரிட்டதும் அந்த ஐயம் போய்விடுகிறது. அதனோடு பாதி ஓவியமும் போய்விடுகிறது.

படத்துக்குப் படம் நிறம் வேறுபடினும், மண்ணின் கபிலமும் கருமையும் பச்சையும் செம்மையும் அடிக்கடி வருவன. சிவப்பு என்றால் சினம், பச்சை என்றால் அமைதி என்று வாய்பாடு ஒப்புவிப்பதால் பயனில்லை. தடித்த கருங்கோடுகளுக்குள் அவ்வண்ணங்கள் நெருக்குண்டு கிடப்பதைப் பாருங்கள். கோயிலின் சாந்தம் அங்கே இல்லை. மழைக்குப்பின் தோட்டத்தோரக் காட்டில் நாம் காணும் முனைப்பும், சிறிது அச்சமுமே உண்டு.

பகோடா பௌத்தத் தூபியின் வழிவந்தது. தூபியோ இந்தியாவிலிருந்து கடல் கடந்தது. ஆதலின் கோபுர நினைவு முற்றும் பொருந்தாததன்று. ஆனால் அது நம் நினைவு. ஓவியர்மேல் அதனை ஏற்றுதல் முறையன்று. 2018இல் இத்தொடர் பாரிசின் பொம்பிடு கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பெற்றது. அங்கே பார்த்தவருள் ரெபோங் தின்றவர் எத்தனை பேரோ!