செய்தறிந்தோரும் ஆய்ந்தறிந்தோரும்

புதுச்சேரி நகரின் வடபுறத்தில் உள்ள கருவடிக்குப்பம் பரப்பில் சிறியதாயினும் நினைவுகளில் பெரியது. சித்தானந்த சுவாமிகளின் சமாதிக் கோயில் அங்கே இருக்கிறது. பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த நாட்களில் உலவிய குயில் தோப்பும் அப்பகுதியைச் சார்ந்ததே. தமிழ் நாடக உலகின் தலைமையாசிரியர் என்று போற்றப்பெறும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளும் அவ்வூர் இடுகாட்டிலேயே துயில்கின்றார். 1867ஆம் ஆண்டில் தூத்துக்குடிப் பகுதியில் பிறந்த சுவாமிகள், 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார்.

மாணவர்களே, அந்தப் பெருமகனார் 1918ஆம் ஆண்டில் மதுரையில் ஏற்படுத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அது சிறுவர்களே நடித்த நாடகக் குழு. அங்கே சிறுவர்கள் பாட்டும் தாளமும் கற்றார்கள். மேடையில் நெடுநேரம் நின்று ஆடவும் நடிக்கவும் உடலைப் பழக்கினார்கள். ஆடையும் அணியும் முடியும் திரைச்சீலையும் செய்வோரின் கைத்தொழிலும் அக்குழுவோடு கூடவே வாழ்ந்தது. ‘மகரக்கட்டு’ என்றொரு சொல் அந்நாளைய நாடகக்காரரிடையே வழங்கியது. பையன் வளரும்போது குரல் உடைந்துவிடும் பருவத்தை அது குறித்தது. மகரக்கட்டு உடைந்தால் பாட்டும் வேடமும் போயின. ஆகவே குரலைக் காக்கும் முறைகளும் அவர்களுக்குப் பெருங்கவலையாக இருந்தன. இசை, உடற்பயிற்சி, கைத்தொழில், உடல்நலம் ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழ் இருந்த கல்விச்சாலை அது.

ஆயினும் அக்காலத்துப் பல்கலைக்கழகங்களின் கண்களுக்கு அது கல்விச்சாலையாகத் தோன்றவில்லை. இலக்கணமும் தத்துவமும் வரலாறும் ஆராய்ச்சிக்குரியன. பாட்டும் விளையாட்டும் குயவர் கைவண்ணமும் பொழுதுபோக்குக்கும் பிழைப்புக்கும் உரியன என்பதே பொது எண்ணம். இன்று இந்த நான்கு துறைகளிலும் மாணவர்கள் ஆய்வேடு எழுதி டாக்டர் பட்டம் பெறுகின்றார்கள். இந்த மாறுதல் எவ்வாறு வந்தது? நம் அண்டை அயலிலேயே அதற்குச் சான்றுகள் உள்ளன.

முதலில் கைத்தொழிலை எடுத்துக்கொள்வோம். கப்ரியேல் ழுவோ துப்ரேய் என்பவர் புதுச்சேரிக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய பிரெஞ்சுக்காரர். 1885இல் பிறந்து 1945இல் மறைந்தவர். தென்னிந்தியக் கோயிற் கட்டடக் கலையைப் பற்றியும் சிற்ப வடிவங்களைப் பற்றியும் அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் 1914ஆம் ஆண்டில் இரு தொகுதிகளாகப் பாரிசில் வெளிவந்தது. அந்த ஆராய்ச்சியில் அவர் கைக்கொண்ட முறையே நாம் கவனிக்க வேண்டியது. ஏட்டுச் சாத்திரங்களோடு அவர் நின்றுவிடவில்லை. அந்நாளில் கோயிற்பணி செய்துகொண்டிருந்த சிற்பிகளிடமே சென்று, ஒவ்வோர் உறுப்புக்கும் அவர்கள் வழங்கும் பெயர் யாது என்று கேட்டறிந்தார். பிறகு பல ஊர்க் கோயில்களையும் நேரிற் கண்டு, உறுப்புகளின் வடிவத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்.

தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் ‘போதிகை’ என்னும் உறுப்பு பல்லவர் காலத்தில் ஒருவகை, சோழர் காலத்தில் ஒருவகை, விசயநகரர் காலத்தில் பூமொட்டுப் போலத் தொங்கும் மற்றொருவகை. இவ்வாறு வரிசைப்படுத்திக் காட்டியதனால், கல்வெட்டு இல்லாத மண்டபத்தின் காலத்தையும் போதிகையைக் கொண்டே ஏறக்குறைய மதிப்பிடலாயிற்று. சிற்பியின் நாவிலிருந்த சொல்லும் ஆய்வாளரின் ஒப்பீடும் கூடியதனால் விளைந்த பயன் இது. உங்கள் ஊர்ப் பழங்கோயிலுக்குச் செல்லும்போது தூணின் தலையை நிமிர்ந்து பாருங்கள். வரலாறு அங்கே இருக்கிறது.

புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளின் சிறப்பை அறிஞர் உலகுக்கு உணர்த்தியோருள்ளும் இவர் ஒருவர். பின்னர் 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். இத்தாலி நாட்டுச் சிவந்த மட்கலத்தின் ஓடுகளைக் கொண்டு, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வாணிகத்தின் காலத்தை அவர் உறுதிசெய்தார். குயவர் கையிற் சுழன்ற மண்ணே அங்கே காலக் கணக்குச் சொல்லியது. அந்த மரபு அற்றுப்போகவில்லை. புதுச்சேரியின் சுடுமண் கலைஞர் முனுசாமி கிருஷ்ணபக்தர் அவர்களுக்கு 2020ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது.

இனி மருத்துவம். புதுச்சேரியில் 1823ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அரசு மருத்துவப் பள்ளி ஒன்றை நிறுவியது. அதன் வழியில் வந்ததே 1964 முதல் ஜிப்மர் என வழங்கும் கோரிமேட்டு மருத்துவ நிலையம். பள்ளியில் ஐரோப்பிய மருத்துவம் கற்பிக்கப்பட்ட அதே காலத்தில், ஊருக்குள் சித்த வைத்தியர்கள் தங்கள் சுவடிகளோடும் மூலிகைகளோடும் வாழ்ந்து வந்தார்கள். இரண்டுக்கும் இடையே நெடுங்காலம் பேச்சு வார்த்தை இல்லை.

அந்த இடைவெளியைக் கடந்தோருள் ஒருவர் ழான் பிலியோசா. கண் மருத்துவராகப் பணியாற்றிய இவர், வடமொழியும் தமிழும் கற்று, இந்திய மருத்துவத்தின் பழைய கோட்பாடுகளைக் கிரேக்க மருத்துவத்தோடு ஒப்பிட்டு 1949இல் ஒரு நூல் வெளியிட்டார். 1955இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியதற்கு இவரே காரணர். அங்கே ஓலைச்சுவடிகள் திரட்டப்பட்டன. தாவரங்களும் உலர்த்திச் சேர்க்கப்பட்டன. புதுச்சேரியில் பேணப்படும் சைவச் சுவடித் தொகுதிகளை யுனெஸ்கோ நிறுவனம் 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது.

உடற்பயிற்சியைக் கல்வியாக்கிய முயற்சி சென்னையில் தொடங்கிற்று. அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்கல்விப் பள்ளியை ஏற்படுத்தினார். பள்ளிகளில் ‘டிரில் மாஸ்டர்’ என்று சற்றே இளக்காரமாக அழைக்கப்பட்டவருக்கு, உடலின் அமைப்பும் இயக்கமும் அறிந்த ஆசிரியர் என்னும் தகுதி அங்கிருந்தே பிறந்தது. ஏறத்தாழ அதே வேளையில் இங்கிலாந்தில் ஏ.வி. ஹில் என்ற விஞ்ஞானி, தசை வேலை செய்யும்போது வெளிப்படும் வெப்பத்தை அளந்து 1922ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு பெற்றார். ஓடுகின்ற மனிதன் எவ்வளவு பிராணவாயுவைச் செலவிடுகிறான் என்றும் அவர் சோதித்தார். நம் நாட்டில் சுவாமி குவலயானந்தர் 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவி, ஆசனமும் பிராணாயாமமும் உடலில் விளைக்கும் மாற்றங்களைக் கருவிகளைக் கொண்டு அளக்கத் தொடங்கினார். ‘யோகம் நல்லது’ என்று சொல்வதோடு அவர் அமையவில்லை. எதற்கு நல்லது, எவ்வளவு நல்லது என்று வினவினார். அந்த வினாவைப் புதுச்சேரியும் ஏற்றுக்கொண்டது. ஜிப்மரின் உடலியங்கியல் துறையில் யோகப் பயிற்சியின் விளைவுகள் ஆராயப்பட்டன. 2008இல் யோக சிகிச்சைக்கென ஒரு மையமும் அங்கே அமைந்தது.

இசை ஆராய்ச்சியில் சற்று நீண்ட நேரம் நின்று பேச விரும்புகிறேன். ஏனெனில் தமிழர் இத்துறையில் காட்டிய உழைப்பு வியக்கத்தக்கது. 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் ஆசிரியப் பயிற்சி பெற்று ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். பின்னர்ச் சித்த வைத்தியராகித் தஞ்சையில் பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருளை இசைக்கே செலவிட்டார். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் செலவிலேயே வித்துவான்களை அழைத்து மாநாடுகள் நடத்தினார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மாநாட்டில் தம் கொள்கையை எடுத்துரைத்தார். அவர் குடும்பத்துப் பெண்மணிகள் வீணையில் வாசித்து அதனை மெய்ப்பித்துக் காட்டினர். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூல் வெளிவந்தது.

அவர் கொள்கை யாது? வீணைத் தந்தியைச் சரிபாதியில் அழுத்தினால் மேல் சட்சமம் பிறக்கும். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தை ஒலிக்கச் செய்தால் பஞ்சமம் பிறக்கும். பழந்தமிழர் அதனை ‘இளி’ என்றனர். பஞ்சமத்திற்குப் பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை ஏறிச் சென்றால், ஏழு ஸ்தாயி மேலே உள்ள சட்சமத்தில் வந்து சேர வேண்டும். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் மயிரிழை மிகுதியாகிறது: 128 மடங்காக இருக்க வேண்டியது 129¾ மடங்கை எட்டுகிறது. அந்த மிகுதியை என் செய்வது என்பதே உலக இசைவாணர் அனைவருக்கும் உள்ள சிக்கல். ஒரு ஸ்தாயியைச் சம அளவான பன்னிரண்டு பகுதிகளாகவும், அவற்றை மேலும் இரண்டிரண்டாகவும் பிரித்தால் 24 சுருதிகள் கிடைக்கும். சிலப்பதிகார உரையில் காண்பது அதுவே என்றார் பண்டிதர்.

அடுத்து வந்தவர் ஈழம் தந்த விபுலானந்த அடிகள். மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவிலே 1892இல் பிறந்தவர்; லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி; மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர்; அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். வழக்கொழிந்துபோன யாழ் என்னும் கருவியைச் சிலப்பதிகாரத்தின் துணைகொண்டும் கணிதத்தின் துணைகொண்டும் மீட்டெடுக்க அவர் பல்லாண்டு உழைத்தார். ‘யாழ்நூல்’ 1947ஆம் ஆண்டு ஜூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த திங்கள் 19ஆம் நாள் அடிகள் மறைந்தார். உயிரின் கடைசித் துளிவரை ஆராய்ச்சிக்கே ஈந்த வாழ்வு அது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அடிகள் 22 சுருதிகள் என்னும் கொள்கையை ஏற்றவர். இருவரும் ஒரே காப்பியத்தைப் படித்தார்கள். இருவரும் வெவ்வேறு எண்ணைக் கண்டார்கள். இது ஆராய்ச்சிக்கு இழுக்கா? இல்லை, அதுவே ஆராய்ச்சிக்கு அழகு. இருவரும் தத்தம் கணக்கைப் படிப்படியாக எழுதி வைத்தமையால், இன்றும் ஒரு மாணவன் தந்தியும் அளவுகோலும் கொண்டு இருவரையும் சோதிக்கலாம். ‘எங்கள் குருநாதர் இப்படிச் சொன்னார்’ என்று மட்டும் இருந்திருந்தால், அந்த விவாதம் அவர்களோடு முடிந்திருக்கும்.

இத்தகையோர் இட்ட அடிப்படையின்மீது பல்கலைக்கழகங்கள் கட்டடம் எழுப்பின. சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறையில் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி இசை வரலாற்றையும் இசைக்கருவிகளையும் முறைப்படுத்தினார். அதே பல்கலைக்கழகத்தில் எஸ். சீதா தஞ்சை மன்னர் கால இசையை ஆராய்ந்து டாக்டர் பட்டத்திற்கு எழுதிய ஆய்வேடு 1981இல் நூலாகவும் வந்தது. புதுச்சேரியில் 1985இல் மத்திய பல்கலைக்கழகம் ஏற்பட்டது. கருவடிக்குப்பத்தைக் கடந்து கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் காலாப்பட்டில் அதனைக் காணலாம். அங்கே தொடங்கப்பெற்ற நாடகப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரே சூட்டப்பட்டது. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி அதனைத் தலைமையேற்று நடத்தினார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாத ஒரு நாடகாசிரியரின் பெயரைப் பல்கலைக்கழகமே தாங்கி நின்றது. காலம் செய்த நீதி என்று இதனைச் சொல்லலாம்.

ஆயினும் காலம் எல்லாவற்றையும் திருப்பித் தருவதில்லை. சுவாமிகள் இயற்றியவற்றுள் நமக்குக் கிடைக்காத நாடகங்கள் பல. அச்சில் உள்ளவற்றிலும் சொற்கள் உள்ளன. அவர் சொல்லிக்கொடுத்த மெட்டும் இழைவும் மாணாக்கர் தொண்டையில் இருந்தன. நல்வாய்ப்பாக, ஆறு வயதளவில் அவரிடம் சேர்ந்த தி.க. சண்முகம் பிற்காலத்தில் ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலில் அந்நாளைய பயிற்சியைப் பற்றி எழுதி வைத்தார். அவரும் எழுதாது போயிருந்தால் நமக்கு எஞ்சுவது மிகக் குறைவு. செய்யத் தெரிந்தவர் மறையும்போது ஒரு நூலகமே எரிந்துபோகிறது. அதன் புகைகூட நம் கண்ணிற் படுவதில்லை.

ஆதலின், இத்துறைகளில் ஆராய்ச்சி செய்யப் புகும் இளைஞர்களுக்கு மூன்று சொற்கள் கூறுவேன். ஒன்று: நூலகத்திற்குப் போவதற்கு முன்னோ பின்னோ, செய்பவரிடம் போங்கள். சிலம்ப ஆசான், சுடுமண் கலைஞர், மருத்துவச்சி, நாதசுர வித்துவான் ஆகியோரின் முன் மாணவராக அமருங்கள். இரண்டு: கேட்டதை அப்படியே நம்பிவிடாதீர்கள், இகழ்ந்தும் தள்ளாதீர்கள், அளந்து பாருங்கள், ஒப்பிட்டுப் பாருங்கள், உங்கள் கணக்கை மற்றவர் சோதிக்குமாறு எழுதி வையுங்கள். மூன்று: கண்ட முடிவை, கற்பித்தவரின் பெயரோடு, அவருக்குப் புரியும் தமிழில் அவரிடமே திருப்பிக் கொடுங்கள். சிற்பிகள் பலர் துப்ரேய்க்குச் சொற்களை வழங்கினார்கள். அவர்களுள் எவர் பெயரையாவது நம்மில் யார் அறிவோம்? அக்குறை இனி நிகழலாகாது.

பட்டம் பெறுவது மாணவனுக்கு நன்மை. கலை பிழைப்பது நாட்டுக்கு நன்மை. இரண்டும் ஒருங்கே நிகழுமாறு ஆராய்வதே கல்வியின் பயன். உங்கள் தெருவிலேயே அத்தகைய முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். இந்த விடுமுறையிலேயே அவரைத் தேடிச் சென்று, ஒரு குறிப்பேட்டில் முதற்பக்கத்தை எழுதத் தொடங்குங்கள்.