மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

மல்வேர்னில் பிறந்தநாள் விழாவோ அந்தியேட்டிச் சாப்பாடோ, அறுபதைத் தாண்டிய நான்கு பேர் ஒரே மேசையில் அமர்ந்தால் பேச்சு எப்படியும் காரில் வந்து நிற்கும். வெளியே நிறுத்தியிருக்கும் ரொயோட்டாவைப் பற்றியல்ல. ஊரில் ஓடிய ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் பற்றி. "மண்ணெண்ணெயிலேயே ஓடின கார். ஒருநாளும் நடுறோட்டில விட்டதில்லை. இப்பத்தையக் கார் ஒரு சென்சர் போனாலே நிண்டிடும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்தக் கார்கள் யுத்தகாலத்தில் ஓடியது உண்மை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் சிறுவர்களாக இருந்த என் வயதுக்காரர்கள் அதைக் கண்ணாலும் மூக்காலும் அறிவார்கள். ஆனால் அவை நம்பகமான கார்கள் என்ற முடிவுக்கு அந்தக் கார்களின் வரலாறு இடம் கொடுக்கவில்லை.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மேர்னாவில் பிறந்தவர். இன்று அது துருக்கியின் இஸ்மிர். 1922இல் நகரம் போரில் வீழ்ந்தபோது குடும்பத்தோடு கப்பலேறி மோல்ராவுக்குத் தப்பிச் சென்று, பிறகு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தவர். நம்மவர்கள் அவ்வளவு உரிமை கொண்டாடும் காரை வரைந்தது ஓர் அகதியின் கை என்பது அந்த மேசைகளில் ஏனோ பேசப்படுவதில்லை. கார் தயாராகும் தறுவாயில் அதன் ஒடுக்கம் பிடிக்காமல், மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் அகட்டிப் பார்த்தார். நிறுவன அதிபர் நஃபீல்ட் பிரபுவுக்கு அதைக் கண்ணிலும் காட்ட முடியாது. வெந்நீரில் வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்றார். 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த அந்த முட்டை, 1971 வரை பதினாறு லட்சத்துக்கு மேல் விற்றது.

நல்ல கார்தான். பழுதாகாத கார் அல்ல. முன்சக்கரத்தைத் தாங்குகிற ட்ரனியன் என்ற மரைபோட்ட மூட்டுக்கு அடிக்கடி கிறீஸ் அடிக்க வேண்டும். தவறினால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் கால் மடிந்ததுபோல் உள்ளே சாயும். பிறேக்குக்கு ஒரே குழாய்ச் சுற்று. எங்கே ஒழுகினாலும் நான்கு சக்கரமும் போச்சு. பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கும். பின் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் இடங்களிலும் கதவுக்குக் கீழான பகுதியிலும் கறள் ஏறும்.

பிரித்தானியாவில் இந்த வயதுக் கார்களுக்குத் தேர்வு வைத்தது 1960இல். போக்குவரத்து அமைச்சர் ஏர்னஸ்ற் மாபிள்ஸ், பத்து வயதைத் தாண்டிய வண்டிகளின் பிறேக், ஸ்ரியரிங், விளக்குகளைச் சோதிக்கும் எம்.ஓ.ரி. பரிசோதனையைக் கொண்டுவந்தார். அப்போது பத்து வயதைத் தாண்டியவற்றில் ஏ40உம் முதல் தொகுதி மொறிஸ் மைனர்களும் அடக்கம். தேறாத வண்டிகள் ஏராளம் என்பதால் 1961இல் வயதெல்லை ஏழாகவும், 1967இல் மூன்றாகவும் இறக்கப்பட்டது. இலங்கையில் தனியார் கார்களுக்கு அப்படியொரு வருடாந்தப் பரிசோதனை இருக்கவில்லை. புகைப் பரிசோதனைகூட 2008இல்தான் வந்தது. அதாவது, நம் கார்கள் தோற்கவில்லை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அவற்றுக்கு யாரும் தேர்வு வைக்கவில்லை.

இவை ஊரில் அவ்வளவு காலம் நின்றதற்கும் பொறியியல் காரணமல்ல. அறுபதுகளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து, கார் இறக்குமதி ஏறக்குறைய அடைபட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை ஐம்பதுகளின் கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வழியில்லை. அவற்றில் பழையவற்றை இலக்கத் தகட்டிலேயே அடையாளம் காணலாம்: 'இ.எல்.', 'இ.என்.' என்று ஆங்கில எழுத்துகள். 1957இலிருந்து சிங்கள ஸ்ரீ வந்தது. அந்த எழுத்தோடு தேசியமயமான பஸ்கள் 1958 மார்ச்சில் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது, அதை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். அடுத்த மாதமே பண்டா – செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. ஓர் இலக்கத் தகடு ஒரு நாட்டை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது தனிக் கட்டுரை.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம், யானை விலையில். ஜப்பான் கார்கள் கொட்டில்களில் அடங்க, ஒஸ்ரினும் மொறிஸும் வெளியே வந்தன.

காரணம் எளிது. மண்ணெண்ணெய் சுலபத்தில் ஆவியாகாது. அழுத்தினால் நேரத்துக்கு முந்தியே வெடித்து எஞ்சினைத் தட்டும். எண்பதுகளின் எஞ்சின் கலவையை ஒன்பது மடங்கு அளவுக்கு அழுத்தும். ஐம்பதுகளின் எஞ்சினோ, மோசமான பெற்றோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டதால், ஏழு மடங்கை ஒட்டித்தான் அழுத்தும். பின்தங்கிய தொழில்நுட்பம்தான் காப்பாற்றியது. போதாததற்கு முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுற்றி இயக்கும் வசதி இருந்தது. பற்றரி இல்லாத ஊரில் அது பெரிய சொத்து. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுச் சுற்றினால் எஞ்சின் பிடிக்கும்; சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் உழுகிற முறை பேர்கசன் ரி.ஈ.20 உழவு இயந்திரங்களில் நாற்பதுகளிலேயே இருந்தது. அங்கே அது தொழிற்சாலை செய்து கொடுத்த ஏற்பாடு. யாழ்ப்பாணத்தில் அதைச் செய்தவர்கள் ஒழுங்கைக் கராஜ்களில் இருந்த மெக்கானிக்குகள்.

அவர்களில் ஒருவர் இன்று மல்வேர்னில், மக்லெவின் அவெனியூவுக்குப் பக்கத்தில் மகளோடு இருக்கிறார். எழுபது கடந்தவர். பெயர் வேண்டாம் என்றார். மண்ணெண்ணெய்க் காரில் முதல் பார்ப்பது என்ன என்று கேட்டேன். எஞ்சின் ஒயில் என்றார்.

"ஒயில் குறைஞ்சா ஊத்தலாம் தம்பி. அது கூடினாத்தான் பயம்."

எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே ஒயிலோடு கலக்கும். அளவுக்கோலில் மட்டம் ஏறும், ஒயில் தண்ணியாகும், பெயாரிங் போய்விடும். புதிய ஒயிலும் அருமை. ஆகவே தினமும் இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து, முகர்ந்து, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கணிப்பார்களாம். பிளக் கரிபிடித்துப் போகும்; கழற்றித் துடைத்துப் போட வேண்டும். வால்வு எரிந்துபோகும், தேய்த்துப் பொருத்த வேண்டும். "நடுறோட்டில நிக்காத கார் எண்டு ஒண்டு நான் காணேல்லை" என்றார். நின்ற இடத்திலேயே அரை மணித்தியாலத்தில் ஓடவைக்க ஓர் ஆள் இருந்தார் என்பதுதான் விசயம். சாரதியே பாதி மெக்கானிக்.

என் தொழிலில் இதற்குக் கணக்கு உண்டு. ஒரு கணினித் தொகுதியை மதிப்பிடும்போது, இரண்டு பழுதுகளுக்கு இடையில் சராசரியாக எவ்வளவு நேரம் போகிறது என்று பார்ப்போம். ஒரு பழுதைத் திருத்த எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தனியாகப் பார்ப்போம். முதலாவது இயந்திரத்தின் குணம். இரண்டாவது பெரும்பாலும் மனிதருடைய வேலை. மொறிஸ் மைனருக்கு முதல் எண் படுமோசம், இரண்டாவது அபாரம். நம்முடைய மேசைப்பேச்சு இரண்டாவதன் புகழை எடுத்து முதலாவதன் கணக்கில் போட்டுவிடுகிறது. அப்படிச் செய்யும்போது காணாமல் போவது கராஜில் கிறீஸோடு நின்ற ஆள். பொருளாதாரத் தடையும் ஏதோ கார் விளம்பரம் போல ஆகிவிடுகிறது. அந்த வெண்புகை ஆஸ்பத்திரிக்குக் காயக்காரரை ஏற்றிப்போன காரின் பின்னாலும் வந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, சனத்துக்கு நடுவே அங்குலம் அங்குலமாக நகர்ந்த வண்டிகளின் பின்னாலும் வந்தது.

அதே தொண்ணூறுகளில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், தென்னிலங்கையில் ஒரு பட்டறை தொடங்கி, மொறிஸ் மைனருக்கான உடற்தகடுகளைக் கையால் செய்வித்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார். ஒரே தீவு, ஒரே கார். தெற்கிலிருந்து உதிரிப்பாகம் கப்பலேறியது. வடக்குக்கு ஒரு பற்றரி வர அனுமதியில்லை.

இனி இங்கே. பதினைந்து வயது கடந்த வண்டியைக் கனடாவுக்குள் கொண்டுவருவது பெரிய சிக்கலல்ல. மல்வேர்னில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஐம்பதுகளின் மொறிஸ் மைனர் ஒன்றை இங்கிலாந்திலிருந்து இறக்கினார். அப்பாவின் கார் மாதிரியே, அதே பச்சை. அங்கே நாற்பது வயது கடந்து, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்.ஓ.ரி. கட்டாயமில்லை. ஆகவே அது எந்தத் தேர்வும் எழுதாமல் வந்து சேர்ந்தது. ஒன்ராறியோவில் முப்பது வயது கடந்த வண்டிக்கு வரலாற்று வாகனத் தகடு கிடைக்கும். அதோடு கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் போகலாம். இவருக்குக் கோயிலுக்கும் மளிகைக் கடைக்கும் ஓட்ட ஆசை. சாதாரணத் தகட்டுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் கிடைத்தாலும் முப்பத்தாறு நாளைக்குத்தான் செல்லும்.

பரிசோதனைத் தாளைக் காட்டினார். இடது முன் ட்ரனியன் தேய்வு, பிறேக் குழாயில் கறள், பின் ஸ்பிரிங் தாங்கியில் கறள். 1960இல் பிரித்தானியப் பரிசோதகர் ஒருவர் எழுதியிருக்கக்கூடிய அதே தாள். பரிசோதித்த இளைஞர் கெட்டிக்காரர்; ஆனால் கணினியைச் செருகித் தகவல் எடுக்க இடமில்லாத வண்டியை அவர் முதல்முறையாகப் பார்த்தாராம்.

நான் மக்லெவின் ஐயாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கனடா வந்த நாள்முதல் ஓய்வுபெறும்வரை அவருக்குத் தொழிற்சாலை வேலைதான். ஒன்ராறியோவில் கார் திருத்துவது அனுமதிப்பத்திரம் வேண்டிய தொழில். ஆங்கிலத்தில் பரீட்சை எழுத வேண்டும், மூன்று பிள்ளைகளோடு அதற்கு நேரம் எங்கே என்றார். எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைச் சரித்துக் கேட்டார். "மூண்டாவது வால்வு இறுக்கம் விட்டிருக்கு. பன்ரண்டு தௌ வையுங்கோ" என்றார். தாளில் அது இருக்கவில்லை. சான்றிதழுக்கு அது தேவையுமில்லை. பிறகு குனிந்து ட்ரனியனைப் பார்த்து, தாளில் எழுதியிருப்பது சரி, இதோடு ஓடக்கூடாது என்றார்.

ட்ரனியன் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். தாங்கிக்கு ஒட்டுவேலை வசந்தத்தில்தான். அதுவரை கார் கராஜில் நிற்கிறது. ஐயா சனிக்கிழமைகளில் போய் ஒருதரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்.