பிள்ளையின் பதினேழு எண்கள்

'6அ + 9ஆ - இதில் பொதுவானதை வெளியே எடு' என்பார் கணக்கு வாத்தியார். 3-ஐ வெளியே எடுத்து, மிச்சத்தை அடைப்புக்குறிக்குள் தள்ளுவோம். 3(2அ + 3ஆ). பரீட்சை முடிந்ததும் மறந்தாயிற்று. பி.காம். படித்த நானும்தான்!

அந்தப் பொதுக் காரணியைக் கடைசிவரை விடாதவர் எஸ்.எஸ்.பிள்ளை. 1901-ல் குற்றாலம் பக்கத்து வல்லத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் போய்விட்டார். பள்ளி இறுதி வகுப்பில் தகப்பனாரும் போக, படிப்பு அதோடு நின்றிருக்கும். சாஸ்திரியார் என்ற வாத்தியார் தன் சொற்பச் சம்பளத்திலிருந்து கொடுத்துப் படிக்கவைத்தார். அப்புறம்தான் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட்.

1940-ல் பிள்ளை எடுத்துக்கொண்ட கேள்வி இது. அடுத்தடுத்து வரும் எண்கள் சிலவற்றை எடுங்கள். மற்ற எதோடும் (1-ஐத் தவிர) பொதுக் காரணியே இல்லாத 'தனிக்கட்டை' ஒன்று அதில் இருக்குமா? 16 எண்கள் வரை கட்டாயம் இருக்கும் என்று நிரூபித்தார். 17 என்றால்? உத்தரவாதம் இல்லை! 2184 முதல் 2200 வரை பாருங்கள். 2189-க்கு 2200 துணை. பொதுக் காரணி 11. 2197-க்கு 2184 துணை. பொதுக் காரணி 13. தனிக்கட்டை ஒன்றுகூடக் கிடையாது.

1950-ல் உலகக் கணித மாநாட்டுக்காக அமெரிக்கா கிளம்பினார். ஆகஸ்ட் 31, கெய்ரோ அருகே விமானம் விழுந்தது. பிள்ளைக்கு வயது 49.

'பொதுக் காரணி எதுக்குப்பா?' என்று உங்கள் வீட்டுப் பிள்ளை சலித்துக்கொண்டால், அந்த 17 எண்களை எழுதிக் கொடுங்கள். கூடவே, சாஸ்திரியார் கதையையும் சொல்லுங்கள்.