தாயும் தொழிலும்: டாக்டர் மேரி இரத்தினம் அம்மையார்



கிருலப்பனையில் நெடுங்காலமாக வாழ்பவன் நான். அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபராகக் கடமையாற்றுபவன். புதிய பிள்ளைகளைப் பாடசாலையிற் சேர்த்துக்கொள்ளும் நாட்களில், பெற்றோர் நிரப்பிக் கொண்டுவரும் படிவங்களை ஒவ்வொன்றாகப் பார்வையிடுவது என் வழக்கம். தந்தையின் தொழில் என்ற இடத்தில் ஏதாவது ஒன்று எழுதப்பட்டிருக்கும். தாயின் தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரு கோடுதான் இருக்கும்.

அத்தகைய படிவம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே நின்ற தாயிடம், "அம்மா, தாங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். "தொழில் ஒன்றுமில்லை, ஐயா, வீட்டிலேதான்" என்றார் அவர். உடன் வந்திருந்த பிள்ளையின் அம்மம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "என்ன கதை கதைக்கிறாய் பிள்ளை? ஐயா, இவள் விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவிச்சுக் கடைகளுக்குக் குடுக்கிறவள். இவளுக்கு முன்னம் நான் குடுத்தனான். எங்கட வீட்டு அடுப்பு நாற்பது வருஷமாய் ஓய்ந்ததில்லை" என்றார்.

அந்த முதியவளின் சொற்கள் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தன. வேலைக்குச் செல்லும் தாய் இக்காலத்துப் புதுமை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். காலையில் ஹைலெவல் வீதியில் பேருந்துக்குக் காத்து நிற்கும் தாய்மாரைக் கண்டு, குடும்பம் என்னாகுமோ என்று கவலைப்படுவோரும் உளர். ஆனால் தாய்மார் உழைக்காத காலம் என்று ஒன்று இந்நாட்டில் இருந்ததா? அவர்கள் என்றும் உழைத்தே வந்தனர். ஏட்டில் எழுதப்படவில்லை என்பதே உண்மை. எழுதப்பட்ட ஒரு சிலருள் ஒருவரைப் பற்றியே இன்று தங்களோடு பேச விரும்புகிறேன். அவர்தாம் டாக்டர் மேரி இரத்தினம் அம்மையார்.

அம்மையார் பிறப்பினாலே தமிழர் அல்லர். கனடா தேசத்தின் ஒன்ராறியோ மாகாணத்தில், எலோரா என்னும் சிற்றூரில், 1873ஆம் ஆண்டில் மேரி ஏர்வின் என்ற பெயரோடு பிறந்தவர். பெண்கள் வைத்தியம் கற்பதை மேனாடுகளிலேயே பலர் ஏளனம் செய்த காலம் அது. டொரன்டோ நகரில் பெண்களுக்கென ஒரு வைத்தியக் கல்லூரி 1883ஆம் ஆண்டிலேதான் தோன்றியது. அந்நகரிலே வைத்தியம் பயின்ற மேரி, யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் மருத்துவப் பணியிற் சேர்வதற்கு முன்வந்தார். அந்த மிஷன் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1816ஆம் ஆண்டு முதல் அங்கே பாடசாலைகளை நடத்தியது. உடுவிலில் 1824ஆம் ஆண்டில் பெண்கள் பாடசாலையைத் தொடங்கியது. மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே வைத்தியம் கற்பித்ததும் அந்த மிஷனின் பணியே.

இலங்கைக்குப் புறப்படுமுன் அமெரிக்காவிலே அவர் ஒரு யாழ்ப்பாணத் தமிழரைச் சந்தித்தார். சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினம் என்னும் அவ்விளைஞர் அங்கே உயர்கல்வி பயின்றுகொண்டிருந்தார். 1896ஆம் ஆண்டில் இருவரும் மணம் செய்துகொண்டனர். பெண்ணுக்கு அப்போது வயது இருபத்துமூன்று. வெள்ளைப் பெண்ணொருத்தி சுதேசி ஒருவரை மணந்ததை மிஷன் ஏற்றுக்கொள்ளவில்லை. எந்த மக்களுக்குப் பணி செய்ய அழைக்கப்பட்டாரோ, அதே மக்களில் ஒருவரை மணந்தமையே அப்பணிக்குத் தடையாயிற்று. மனம் தளர்ந்து தாய்நாடு திரும்புவதற்கு அது போதிய காரணந்தான். அவர் திரும்பவில்லை. கணவரோடு கொழும்புக்கு வந்தார். சிலகாலம் அரசாங்கத்தின் லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையிற் பணிபுரிந்தார். பின்னர் சொந்தமாக வைத்தியத் தொழிலைத் தொடங்கினார்.

அக்காலத்தை நேயர்கள் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். இலங்கை வைத்தியக் கல்லூரி பெண்களை மாணவிகளாக ஏற்கத் தொடங்கியது 1892ஆம் ஆண்டிலேதான். ஆண் வைத்தியருக்கு உடம்பைக் காட்டக் கூசிய பெண்கள், நோயை வாய்விட்டுச் சொல்லாமலே மாண்டனர். பிரசவம் என்பது மறுபிறவி என்று சொன்னது வெறும் அலங்காரம் அன்று. அத்தகைய காலத்தில் கதவைத் தட்டினால் வருவதற்கு ஒரு பெண் வைத்தியர் இருக்கிறார் என்ற செய்தியே கொழும்புப் பெண்களுக்குப் பெரும் தைரியத்தைத் தந்திருக்கும். அவ்வைத்தியர் தாமும் பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் ஒரு தாய். தமிழ்க் குடும்பம் ஒன்றின் மருமகள். பிற தாய்மாரின் அச்சம் அவருக்குப் புத்தகத்தில் மட்டும் படித்த பொருளாக இருந்திராது.

மருந்து கொடுப்பதோடு தம் கடமை முடிந்துவிட்டதாக அம்மையார் கருதவில்லை. நோய்க்கு மூலம் அறியாமை என்றும், அறியாமைக்கு மூலம் பெண்கள் தனித்தனியே அடைபட்டுக் கிடப்பது என்றும் அவர் கண்டார். ஆதலால் 1904ஆம் ஆண்டில் இலங்கைப் பெண்கள் சங்கம் தோன்றுவதற்கும், 1909ஆம் ஆண்டில் கொழும்பிலே தமிழ் மாதர் சங்கம் தோன்றுவதற்கும் அவர் முன்னின்றார். கொழும்பில் இசையும் நடனமும் பயிற்றிவந்த கலாலயம் அந்தத் தமிழ் மாதர் சங்கத்தின் கல்விக்கூடமே. தம் மகளைக் கலாலயத்துக்கு அனுப்பிய பெற்றோருள் எத்தனை பேர் அதன் வேரில் கனடாவிற் பிறந்த ஒரு பெண்மணி இருக்கிறார் என்று அறிந்திருப்பர்? பாடசாலைகளுக்கெனச் சுகாதாரம் பற்றியும் இல்லப் பராமரிப்புப் பற்றியும் அவர் நூல்கள் எழுதியமையை, ஆசிரியத் தொழிலில் உள்ள நான் தனியே நினைவுகூர வேண்டும்.

அடுத்து வாக்குரிமைப் போராட்டம். டொனமூர் ஆணைக்குழு 1927ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்தபோது, பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. மேரி அம்மையார் அதன் முன்னோடிகளுள் ஒருவர். அதன் செயலாளர் அக்னஸ் டி சில்வா அம்மையார். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று டொனமூர் பிரபு அவரிடம் கேட்டாராம். அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற பொருளில் அவர் தயங்காது விடையளித்தார். அச்சங்கத்தில் முன்னணியில் நின்றோர் பெரும்பாலும் வசதியுள்ள, ஆங்கிலம் கற்ற குடும்பத்துப் பெண்கள். அவர்கள் நடுவிலிருந்து அந்த விடை எழுந்தமையே அதன் பெருமை. 1931ஆம் ஆண்டில் இந்நாட்டில் இருபத்தொரு வயது நிறைந்த ஆண்களும் பெண்களும் ஒருங்கே வாக்குரிமை பெற்றனர். பிரான்ஸ் நாட்டுப் பெண்களுக்கு அவ்வுரிமை 1944ஆம் ஆண்டிலும், சுவிற்சர்லாந்தின் தேசியத் தேர்தல்களில் 1971ஆம் ஆண்டிலுமே கிடைத்தது.

எனினும் கதை அங்கே இனிதாக முடிந்துவிடவில்லை. இந்நாட்டில் உழைக்கும் தாய் என்றால் முதன்முதல் நினைக்கப்படவேண்டியவள் தேயிலைத் தோட்டத் தாய். பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, கூடையை முதுகில் ஏற்றி மலையேறியவள் அவள். 1931ஆம் ஆண்டின் வாக்குரிமையே அவளுக்குப் பல நிபந்தனைகளோடு வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் அவளது குடும்பம் குடியுரிமையை இழந்தது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தினால்தான் எஞ்சியோர் குறையும் தீர வழி பிறந்தது. ஆணுக்குச் சமமான நாட்கூலியை அவள் 1984ஆம் ஆண்டிலேதான் பெற்றாள். பேற்றுக் காலச் சகாயம் மட்டும் 1939ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று. அவர்களும் பெண்களே என்ற வாசகம் முழுமை பெற எழுபது ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்ததென்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

மேரி அம்மையாரிடம் மீள்வோம். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர் ஓய்வை நாடுவது இயல்பு. அவரோ தம் வாழ்வின் மிகப் பெரிய பணியை அப்போதுதான் தொடங்கினார். 1930ஆம் ஆண்டில் இலங்கை மகளிர் சமிதி தோன்றியது. கனடாவில் 1897ஆம் ஆண்டு முதல் நாட்டுப்புறப் பெண்களுக்கென வளர்ந்து வந்த மாதர் சங்கங்கள் அதற்கு ஒரு முன்மாதிரி. கிராமத்துப் பெண்கள் ஓரிடத்திற் கூடுவர், எழுத்துக் கற்பர், குழந்தை வளர்ப்பும் சுகாதாரமும் தையலும் நெசவும் தோட்டமிடுதலும் பயில்வர். பெரிய மாளிகைகளோ பெருந்தொகைப் பணமோ அதற்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு திண்ணை போதுமாயிருந்தது. சிங்களக் கிராமங்களிலும் அது வேரூன்றியது. இனமும் சமயமும் கேளாது தாய்மார் ஒருவரோடொருவர் பேசுவதற்கு இடம் ஏற்படுத்திக் கொடுத்தமை சிறிய காரியமா?

1937ஆம் ஆண்டில் கொழும்பு மாநகரசபைக்குப் பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து அவர் தெரிவுசெய்யப்பட்டார். அச்சபைக்குத் தெரிவான முதற்பெண்மணி அவரே. அதே ஆண்டில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை நிலையம் ஒன்றும் அவரது முயற்சியால் திறக்கப்பட்டது. அடுத்தடுத்த பேறுகளால் உடல் நைந்த தாய்மாரைப் பல்லாண்டு கண்ட வைத்தியர் அவர். இன்று எவரும் சாதாரணமாகப் பேசும் அவ்விடயத்தை அன்று பகிரங்கமாகச் சொல்வதற்கு அறிவோடு நெஞ்சுரமும் வேண்டியிருந்தது.

1958ஆம் ஆண்டில், பிலிப்பைன்ஸ் நாட்டில் நிறுவப்பட்ட ரமோன் மக்சேசே விருது முதன்முறையாக வழங்கப்பட்டது. சமூகத் தலைமைக்காக வினோபா பாவே அவர்களுக்கும், பொதுச் சேவைக்காக மேரி இரத்தினம் அம்மையாருக்கும் அது கிடைத்தது. அம்மையாருக்கு அப்போது வயது எண்பத்தைந்து. அவர் பெரும்பதவி எதிலும் நெடுநாள் அமர்ந்தவர் அல்லர். ஒரு தனி மனிதராகவே நின்று பணி செய்தமையை விருதளித்தோர் சிறப்பித்தனர். 1962ஆம் ஆண்டில் அவர் காலமானார். இரண்டு நூற்றாண்டுகளைத் தொட்ட அந்த நெடிய வாழ்வில், ஏறத்தாழ அறுபத்தாறு ஆண்டுகள் இலங்கைக்கு உரியனவாயின.

இவ்வாழ்க்கையிலிருந்து நாம் கற்பது யாது? தாய்மையும் தொழிலும் ஒன்றையொன்று அழிக்கும் பகைகள் அல்ல என்பதே. வீட்டில் ஒரு தாய் அறிந்திருக்கும் சுத்தம், சிக்கனம், பிள்ளைப் பராமரிப்பு ஆகியவற்றையே அம்மையார் ஊருக்கெல்லாம் பொதுப்பணியாக்கினார். ஆயினும் அவருக்குக் கல்வி இருந்தது, பட்டம் இருந்தது, அவர் பணியை எழுதிவைக்க ஆட்கள் இருந்தனர். மூன்று மணிக்கு எழுந்து இடியப்பம் அவிக்கும் தாய்க்கு அவை எவையும் இல்லை. அவளுடைய தாய்க்கும் இருந்ததில்லை.

அன்று அந்தப் படிவத்தைத் திருப்பிக் கொடுக்காமல், கோடு இருந்த இடத்தில் நானே என் பேனாவினால் "உணவு தயாரித்து விற்பனை, சுயதொழில்" என்று எழுதினேன். அந்தத் தாய் நாணத்தோடு சிரித்தார். அம்மம்மாவோ படிவத்தை எட்டிப் பார்த்து, "எழுதிப்போட்டீங்களோ ஐயா?" என்று இரண்டுமுறை கேட்டு உறுதிசெய்த பின்னரே வெளியேறினார். அவர்களுடைய நாற்பது ஆண்டு உழைப்பு அன்றைக்குத்தான் முதன்முதலாக ஓர் அரசாங்கத் தாளில் ஏறியது.

நேயர்களே, தங்கள் இல்லத்திலும் ஒரு முதியவள் இருக்கக்கூடும். அவர் எத்தனை வயதில் உழைக்கத் தொடங்கினார், என்ன வேலை செய்தார், எவ்வளவு கூலி பெற்றார், அதனால் யார் யாரைப் படிப்பித்தார் என்று இன்றிரவே கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாட்டின் வரலாற்றில் விடுபட்டுப்போன பக்கம் அதுவே. கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.