இரண்டு நாற்பது நாட்கள்

அரபுக் குதிரையின் ஓட்டத்தைப் புகழாத மொழி உலகில் அரிது. நெடுவழி ஓடியும் களைக்காத அதன் ஆற்றலுக்குக் காரணம் கேட்டால், பலரும் அதன் குலத்தையே சொல்வர். குலம் உண்டுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் குலத்தை மட்டும் நம்பி, பழகாத இளங்குதிரையை முதன்முறை நெடுந்தொலைவு ஓட்டியவர்கள் குதிரையையும் இழந்தார்கள், பொருளையும் இழந்தார்கள். இவ்வுண்மைக்கான சான்று தொலைவில் இல்லை. நம் காயல் துறையிலேயே கிடக்கிறது. அதைக் காணுமுன் அரபியர் கைக்கொண்ட முறையை அறிவது நலம்.

குதிரையின் வயதை அரபியர் பல்லைக் கொண்டே கணித்தனர். குட்டிக்கு ‘முஹ்ர்’ என்று பெயர். பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்க முளைக்கப் பெயரும் மாறிக்கொண்டே வரும். ஐந்தாண்டு நிறைந்து பற்கள் முற்றுப்பெற்ற குதிரையே ‘காரிஹ்’. ஒரு விலங்கின் வளர்ச்சிக்கு இத்தனை படிகளைக் கண்டு, படிக்கொரு பெயரும் இட்ட சமூகம், எல்லாக் குதிரைக்கும் ஒரே சுமையை ஏற்றியிருக்குமா?

நெடிய ஓட்டத்திற்குக் குதிரையை ஆயத்தம் செய்வதற்கு ‘இள்மார்’ என்றும் ‘தள்மீர்’ என்றும் பெயர். முதலில் நிறையத் தீவனம் கொடுத்து உடலைத் தேற்றுவர். பின்னர் தீவனத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்து, உயிர் தாங்கும் அளவில் நிறுத்துவர். லாயத்தில் கட்டிப் போர்வைகளால் மூடி வியர்க்க வைப்பர். வியர்வை உலர உலர ஊளைச்சதை கரைந்து, உடல் இறுகி, மூச்சு நிலைபெறும். இதற்கு ஆகும் காலம் நாற்பது நாட்கள் என்று அகராதி ஆசிரியர் ஜவ்ஹரீ குறிக்கிறார். இந்த நாற்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மதீனாவில் நபி பெருமானார் (ஸல்) அவர்கள் நடத்திய குதிரைப் பந்தயத்தை ஹஸ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். பக்குவம் செய்யப்பட்ட குதிரைகள் ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து தனிய்யத்துல் வதாஃ வரை ஓடின. தொலைவு ஐந்து அல்லது ஆறு மைல். பக்குவம் பெறாதவை தனிய்யத்துல் வதாஃவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே ஓடின. தொலைவு ஒரே மைல். முற்றிய பல்லுடைய குதிரைகளுக்கு எல்லையைத் தொலைவில் வைத்தார்கள் என்பது அபூதாவூதில் வரும் செய்தி. ஆக, எல்லையை வகுத்தவை இரண்டு: வயதும் பயிற்சியும். இளையதும் களத்திற்கு வந்தது, விலக்கப்படவில்லை. ஆனால் அதற்கென ஓர் எல்லை இருந்தது.

இவ்வறிவு பின்னாளில் தனிக் கலையாக வளர்ந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அப்பாஸியரிடம் பணிபுரிந்த இப்னு அகீ ஹிஸாம், குதிரையேற்றத்தையும் குதிரை மருத்துவத்தையும் இணைத்தே நூல் செய்தார். மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் காலத்தில் அபூபக்ர் இப்னுல் பத்ர் அவ்வழியில் பெருநூல் ஒன்றை இயற்றினார். குதிரையை ஓட்டுகிறவன் அதன் உடலையும் அறிந்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் கண்ட நெறி.

இனிக் காயலுக்கு வருவோம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய குறிப்பின்படி, கைஸ் தீவின் அதிபர் ஜமாலுத்தீனுக்கும் பாண்டிய நாட்டிற்கும் ஓர் உடன்பாடு இருந்தது. ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் வரவேண்டும். ஒவ்வொன்றின் விலையும் 220 பொன் தீனார். அவருடைய சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராக விளங்கினார்.

கடல் கடந்து வந்த அக்குதிரைகளுக்கு நேர்ந்தது என்ன? வறுத்த தானியமும், நெய்யில் வெந்த தீனியும், பாலும் ஊட்டி, கயிற்றால் முளையில் பிணைத்து, நாற்பது நாள் கொழுக்க வைத்தனர். பின்னர் எவ்விதப் பயிற்சியுமின்றி, அங்கவடியுமின்றி ஏறி வெறிகொண்டாற்போல் விரட்டினர். குறுகிய காலத்தில் அவை நொடித்து வீழ்ந்தன என்கிறார் வஸ்ஸாஃப். அங்கும் நாற்பது நாள். இங்கும் நாற்பது நாள்! ஒன்று உடலை இறுக்கியது. மற்றொன்று ஊதச் செய்தது. முதலாவது ஓட்டத்திற்கு வாயில் திறந்தது. இரண்டாவது குழி தோண்டியது. வெப்பமும் ஈரமும் மிக்க தட்பவெப்பமும் தன் பங்கைச் செய்திருக்கும். அயல்நாட்டார் குறிப்பில் மிகை கலப்பதும் உண்டு. ஆயினும் 1290களில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் குதிரைகள் மடிந்ததையே சொல்கிறார்.

அவர் மேலும் ஒன்று சொல்கிறார். அது நம்மைச் சுடுவது. குதிரை வைத்தியர்களை வணிகர்கள் அழைத்து வரவில்லையாம். வர முயன்றவர்களையும் தடுத்தார்களாம். பழைய குதிரை மடிந்தால்தானே புதியது விற்கும்! அவ்வணிகர்கள் ஹுர்முஸ், கைஸ், ஏடன் துறைகளைச் சேர்ந்தவர்கள். குற்றச்சாட்டு முற்றும் மெய்யா என்பதை இன்று அறுதியிட முடியாது. ஆனால் குதிரை வாணிபத்தின் பெருமையைப் பேசுகையில் இப்பக்கத்தை மட்டும் மடித்து வைப்பது வரலாறாகாது. குதிரையை விற்றவர்கள் அதைப் பேணும் அறிவையும் உடன் தந்திருக்க வேண்டும். அவர்களுடைய மொழியில்தான் அந்நூல்கள் இருந்தன.

இன்று கலிபோர்னியாவில் டெவிஸ் கோப்பை என்னும் நெடுவழிக் குதிரையோட்டம் நடைபெறுகிறது. 1955இல் தொடங்கியது, மலைவழியே 100 மைல், 24 மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டும். அரபுக் குதிரைகளே அதில் பெரிதும் சிறந்து விளங்குகின்றன. ஆறு வயது நிரம்பாத குதிரைக்கு அதில் இடமில்லை. இடைவழியில் மருத்துவர்கள் நாடித்துடிப்பையும் நடையையும் சோதித்து, தளர்ந்ததை நிறுத்திவிடுவர். மூச்சும் தசையும் விரைவில் வலுப்பெறும். தசைநாணும் எலும்பும் வலுப்பெற நெடுங்காலம் ஆகும் என்று இக்கால அறிவியல் விளக்குகிறது. இளங்குதிரை தன்னால் இயலும் என்று ஓடும். அதன் கால் தாங்காது. ஆகவே எல்லையை ஓட்டுபவனே வகுக்க வேண்டும்.

ஹஃப்யாவில் ஓர் எல்லையும் தனிய்யத்துல் வதாஃவில் மற்றோர் எல்லையும் நின்றதன் பொருள் இதுவே. காயலில் அத்தகைய எல்லையை நாட்ட எவரும் முன்வரவில்லை.