கம்பியின் நீளம்

சென்னையில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ தி ஆஞ்சலிஸ், தானே வடிவமைத்த விமானத்தை சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு கட்டி, 1910-இல் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். ரேடியோவைப் பற்றி அன்று பேச்சே இல்லை. 22 ஆண்டுகள் கழித்து, ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குச் சேர்த்தபோதும், அவர்கள் ஓட்டிய பஸ் மாத் விமானங்களில் ரேடியோ கிடையாது. கருவியின் எடையும் விலையும்தான் காரணம் என்பார்கள். அது பாதி உண்மைதான். சின்ன விமானத்துக்கு ரேடியோ எட்டாமல் இருந்ததற்குப் பெரிய தடை ஆன்டெனாவின் நீளமே என்பேன்.

அந்தக் காலத்தில் கடலிலும் வானிலும் முக்கியமாக இருந்த 500 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 600 மீட்டர். ஆன்டெனா நன்றாக இயங்க அதில் கால் பங்கு என்றாலே 150 மீட்டர் கம்பி வேண்டும். பஸ் மாத்தின் இறக்கையோ நுனிக்கு நுனி 11 மீட்டர்தான். பெரிய விமானங்களில் உருளையில் சுற்றிய கம்பியின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டி, மேலே போனபின் வயிற்றுக்குக் கீழே அவிழ்த்துவிடுவார்கள். இறங்குமுன் மறக்காமல் சுற்றி எடுக்க வேண்டும். தனியாக ஓட்டுபவருக்கு இது பெருந்தொல்லை. 1937-இல் உலகைச் சுற்றக் கிளம்பிய அமீலியா இயர்ஹார்ட் இந்தக் கம்பியை மயாமியிலேயே கழற்றிவிட்டார் என்றே பெரும்பாலான பதிவுகள் சொல்கின்றன. வால்வு செட்டும் பேட்டரியும் கனத்தது பெரிய சிக்கல் இல்லையா என்று கேட்கலாம். ஆனால் செட்டின் கனம் தொழில்நுட்பம் வளர வளரக் குறையும். அலைவரிசையை மாற்றாமல் கம்பி குறையாது. இரண்டாம் உலகப்போரை ஒட்டி விமானப் பேச்சு 118 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஏறிய பிறகு, சுமார் 60 சென்டிமீட்டர் குச்சி போதும் என்றானது.

இதற்கும் ஒரு விலை உண்டு. இந்த அலை நேர்கோட்டில் போகும். திருச்சி விமான நிலையத்திலிருந்து புதுக்கோட்டை சுமார் 45 கிலோமீட்டர். புதுக்கோட்டையில் தரையில் நிற்கும் விமானத்தின் குரல் திருச்சியில் கேட்காது; 1000 அடி ஏறினால், சமதளக் கணக்கில் சுமார் 70 கிலோமீட்டர் எட்டும். தாழப் பறந்தால் நார்த்தாமலைப் பாறைகளும் குறுக்கே நிற்கக்கூடும். வீட்டில் விமானம் கட்டுபவருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. குச்சி ஆன்டெனாவில் பாதிதான். மறுபாதி அதன் அடியில் விரிந்த உலோகம். அலுமினிய உடலில் அது தானாகவே கிடைக்கும். துணி போர்த்திய உடலில் தகட்டையோ கம்பிகளையோ உள்ளே பரப்பித்தான் பெற வேண்டும். 1970-களில் பர்ட் ருட்டான் வடிவமைத்த வேரிஈஸ் விமானம் கண்ணாடி இழையில் வந்தபோது, ஆன்டெனாவாகச் செம்பு நாடாவை இழைக்கு உள்ளேயே ஒட்டிப் புதைத்துவிட்டார்கள். கண்ணாடி இழை ரேடியோ அலையை மறைக்காது, வெளியே நீட்டிக்கொண்டு காற்றைத் தடுக்கக் குச்சியும் இல்லை. வெளியே ஒரு குச்சியை நட்டால் பின்னால் பழுது பார்ப்பது சுலபம் என்ற வாதம் நியாயமானதுதான். கார்பன் இழை உடலில் வேறு வழியும் இல்லை, அது அலையை மறித்துவிடும். ஆனால் கண்ணாடி இழையில் நட்ட குச்சிக்கும் அடியில் உலோகம் தேவை. அந்தத் தகட்டுக்கும் கேபிளுக்கும் உடலை மூடுவதற்கு முன்பே இடம் ஒதுக்கியாக வேண்டும்.