வட்டுக்கோட்டைச் செமினரி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் பகுதியிலே, போர்த்துக்கீசர் காலத்துத் தேவாலயம் நின்ற வட்டுக்கோட்டையிலே, அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் 1823ஆம் ஆண்டில் ஒரு கல்வி நிலையத்தைத் தொடங்கினர். பல்கலைக்கழகம் என்னும் பெயர் அதற்கு இருந்ததில்லை. செமினரி என்றே வழங்கப்பட்டது. ஆயினும் கற்பித்தல், ஆராய்தல், மக்களுக்குப் பயன்படுதல் என்னும் மூவகைப் பணிகளும் அங்கே வேரூன்றின. இலங்கை அரசாங்கத்தின் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு அஃது ஈடாகும் என 1850இல் எழுதினார்.

தமிழும் ஆங்கிலமும் வடமொழியும் கணிதமும் வானநூலும் அங்கே பாடங்களாயின. 1829இல் நிகழவிருந்த சந்திர கிரகணத்தின் நேரத்தையும் அளவையும் பற்றி, முதல் அதிபர் தானியேல் பூவரின் கணிப்பும் உள்ளூர்ப் பஞ்சாங்கமும் மாறுபட்டன. ஊரார் வானத்தை நோக்கிக் காத்திருந்தனர். பூவரின் கணிப்பே பொருந்தியது. கற்றல் ஒரு வழிப்பட்டதாகவும் இருக்கவில்லை. பின்னர் அதிபராயிருந்த ஹொய்சிங்டன் சைவ சித்தாந்தம் பயின்று, சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அஃது 1854இல் அமெரிக்காவில் அச்சேறியது.

செமினரியின் பயன் மதிலுக்கு வெளியேயும் பரவியது. 1841இல் தோன்றிய 'உதயதாரகை' பத்திரிகையை நடத்திய முதல் ஆசிரியர்கள் இருவரும் அங்கே பயின்றவர்களே. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1848இல் மருத்துவக் கல்வியைத் தொடங்கியபோது, ஆங்கிலம் கற்ற இளைஞர்களே அவருக்கு மாணாக்கராயினர். ஆனால் ஆங்கிலத்திற் பயின்றோர் வேற்றூர்களுக்குச் சென்றுவிட்டால் கிராமத்து நோயாளிக்குத் துணை யார்? இதனை எண்ணிய கிறீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 1860களில் தமிழிலேயே கற்பிக்கலானார்.

இந்த மொழிக் கேள்வியே செமினரியின் முடிவுக்கும் காரணமாயிற்று. ஆங்கிலம் கற்றோர் சமயப் பணியை விட்டு அரசாங்க உத்தியோகங்களை நாடுகின்றனர் என மிஷன் தலைமை கருதியது. சமயப் பணிக்குத் தாய்மொழிக் கல்வியே தக்கது எனவும் முடிவு செய்தது. 1855இல் செமினரி மூடப்பட்டது. நிறுவியோரின் நோக்கம் வேறு, நாடு அடைந்த பயன் வேறு என்பது அப்போது வெளிப்பட்டது.

மூடிய பின்னரே அதன் விளைச்சல் நன்கு புலனாயிற்று. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டை மாணாக்கர். ஏடுகளில் அழிந்துகொண்டிருந்த பழந்தமிழ் நூல்களை அச்சிற் காத்த பெருமை தாமோதரம்பிள்ளைக்கு உரியது.

ஊரார் முயற்சியால் 1872இல் அங்கே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. பல்கலைக்கழகமோ யாழ்ப்பாணத்துக்கு 1974இலேயே வாய்த்தது. திருநெல்வேலியில் அமைந்த அந்த வளாகத்தின் விஞ்ஞானப் பிரிவு, தொடக்கத்தில் வட்டுக்கோட்டையிலேயே இயங்கியது. பெயரின்றித் தொடங்கிய பணி, நூற்றைம்பது ஆண்டுகளின் பின் தனக்குரிய பெயருடன் அதே ஊருக்கு மீண்டது.